என்னை அழைக்காத கூட்டம்

மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை, கஞ்சி போட்ட பருத்திப் புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு ஜோகுபாளையத்திலிருந்து ஆட்டோ பிடித்து அந்த ஆஸ்பத்திரிக்குப் போவேன். தெருவில் பார்க்கிறவர்கள், "என்ன டீச்சர், உடம்பு சரியில்லயா?" என்று கேட்பார்கள். "உடம்புக்கு ஒண்ணுமில்ல, மீட்டிங்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொள்வேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு ஆலோசனைக் குழு இருந்தது. டாக்டருக்கும் நோயாளியின் வீட்டாருக்கும் எது நியாயம் என்று குழப்பம் வரும்போது எங்களைக் கேட்பார்கள். நினைவு திரும்பாத ஒருவருக்கு இனியும் மெஷின் வைப்பதா, வேண்டாமா? ரத்தம் ஏற்றக் கூடாது என்று நம்பிக்கையின் பேரில் மறுக்கிற தாயை என்ன செய்வது? இரண்டு மகன்கள் இரண்டு விதமாகச் சொன்னால் யார் பேச்சைக் கேட்பது? நாங்கள் உட்கார்ந்து பேசி எங்கள் கருத்தைச் சொல்வோம். யாருக்கும் சம்பளம் கிடையாது. டாக்டர்கள் சிலர், ஒரு வக்கீல், ஒரு பாதிரியார். இவர்களோடு, மருத்துவமும் சட்டமும் தெரியாத சாதாரண ஆள் ஒருவரும் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சாதாரண ஆள் நான். அல்சூரில் ஒரு பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள்.

என்னைக் குழுவுக்குக் கூட்டிப்போனது அதன் தலைவி. எங்கள் பகுதியில் வெகுகாலம் கிளினிக் வைத்திருந்த டாக்டரம்மா. கன்னடக்காரர். தமிழை நோயாளிகளிடமிருந்தே கற்றுக்கொண்டவர். பக்கத்து வீட்டு அம்மாளுக்காக ஒருமுறை நான் ஆஸ்பத்திரி கவுன்ட்டரில் குரல் உயர்த்திக்கொண்டிருந்ததைத் தள்ளி நின்று பார்த்தவர், அருகில் வந்து சொன்னார்: "டீச்சர், நீங்க சென்னாகி, நல்லாவே சண்டை போடறீங்க. எங்க கமிட்டில எல்லாரும் தலையாட்டறவங்களே இருக்காங்க. நீங்க வாங்க."

போனேன். அதற்கு எனக்குச் சொந்தக் காரணம் ஒன்று இருந்தது. என் அப்பா மாநில அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவர். கடைசியாகப் படுத்தபோது அவருக்கு மஞ்சள் காமாலை என்று சொல்லிவைத்திருந்தார்கள். கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார்கள். அவரும் குடித்துவிட்டு, மாடியில் கட்டப்போகிற குளியலறைக்கு எந்த நிறத்தில் டைல்ஸ் போடலாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் நீலம், பச்சை என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்குப் புற்றுநோய் என்பது அண்ணனுக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். எனக்கு அவர் போன பிறகுதான் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்று அழுதபோது அண்ணன், "உன் மூஞ்சிலயே தெரிஞ்சுடும், அதான்" என்றான். அந்த நீலமும் பச்சையும் இன்றைக்கும் என்னைவிட்டுப் போகவில்லை. கல்யாணமான புதிதில் என் கணவரிடம் நான் சொன்ன முதல் பெரிய விஷயமே இதுதான். டாக்டரம்மாவிடமும் சொல்லியிருக்கிறேன்.

அதனால் குழுவில் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம். நோய் யாருடையதோ, அது என்ன என்று தெரிந்துகொள்கிற உரிமையும் அவருடையதுதான். "அப்பா தாங்கமாட்டாரு, சொல்லாதீங்க" என்று பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அப்படி வருகிறவர்களில் பாதிப் பேர் தமிழ் பேசுகிறவர்களாக இருப்பார்கள். ஹெப்பகோடி தொழிற்சாலைகளில் வேலை செய்கிறவர்கள், ஓசூர்ப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். அவர்களோடு பேசுகிற வேலை என்னுடையது. "சரி, உங்களுக்கு வந்தா நீங்க தெரிஞ்சுக்க ஆசைப்படுவீங்களா மேடம்?" என்று கட்டாயம் ஒருவராவது கேட்பார். "கண்டிப்பா" என்பேன். யோசிக்கக்கூட மாட்டேன்.

இன்னொரு வேலையும் எனக்கு இருந்தது. நோயாளிகளிடம் கையெழுத்து வாங்குகிற ஒப்புதல் படிவங்களின் தமிழைத் திருத்துவது. அகராதியைப் பார்த்து எவரோ எழுதிய தமிழ் அது. படித்தால் வந்த நோய் போதாதென்று தலைவலியும் சேர்ந்துகொள்ளும்.

கூட்டம் முடிந்ததும் நானும் டாக்டரம்மாவும் எதிரே இருக்கிற தர்ஷினி ஓட்டலுக்குப் போவோம். நின்றுகொண்டே ஒரு வடையைப் பாதியாகப் பிட்டு, காபி குடிப்போம். அவர் என்னை டீச்சர் என்பார், நான் அவரை டாக்டர் என்பேன். அதற்குமேல் எங்களுக்குள் மரியாதை தேவைப்படவில்லை. அந்த வயதில் புதிதாக ஒரு சிநேகிதி கிடைப்பது சின்ன விஷயம் இல்லை.

பிறகு எனக்கே வயிற்றில் ஒரு கனம் வந்தது. முதலில் வாயு என்று நினைத்துப் பெருங்காயம் கரைத்துக் குடித்தேன். புடவைக் கொசுவம் செருகுகிற இடத்தில் ஏதோ தடித்துக்கொண்டு வந்தது. அதே ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். சினைப்பையில் கட்டி, பெரிதாக இருக்கிறது, எடுத்துவிடலாம் என்று சர்ஜன் சொன்னார். "கெட்டதா இருக்குமா?" என்று கேட்டேன். "எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினாத்தான் தெரியும்" என்றார். அது நேர்மையான பதில்.

ஆபரேஷன் அன்று காலையில் கையெழுத்துக்காக ஒரு படிவத்தைக் கொண்டுவந்தார்கள். என் கண்ணில் படாமல் தப்பிய பழைய படிவம் அது. 'சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் வழி இருக்கலாம்' என்று அச்சடித்திருந்தது. பச்சை கவுனைப் போட்டுக்கொண்டு படுத்திருந்தவள் நர்ஸிடம் பேனா வாங்கி 'வழி'யை 'வலி' ஆக்கிவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். சர்ஜன் வாய்விட்டுச் சிரித்தார். "எது வந்தாலும் எங்கிட்டயே சொல்லணும் டாக்டர்" என்று அவரிடம் சொன்னேன். "ஷ்யூர் மேடம்" என்றார். மயக்க மருந்துக்கு முன்னால் நான் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கட்டியோடு கர்ப்பப்பையையும் எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து படுத்திருந்த நாட்களில் என் கணவர் ஆஸ்பத்திரிக்குப் போய் டெஸ்ட் ரிசல்ட் வாங்கி வந்தார். அவர் பொதுப்பணித் துறையில் இன்ஜினியராக இருந்தவர். அதிகம் பேசாதவர். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "ஒண்ணுமில்ல. சாதாரணக் கட்டிதானாம்" என்றார். நான் சாமி படத்தைப் பார்த்துக் கும்பிட்டேன். அவரும் பக்கத்தில் வந்து நின்று கும்பிட்டார்.

அடுத்து வந்த வருஷம் எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே நல்ல வருஷம் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நாற்பது வருஷமாகக் காபி டம்ளரைக் கழுவி வைக்காத மனிதர் எனக்குக் காபி கலந்து கொடுத்தார். காலையில் அல்சூர் ஏரியைச் சுற்றி என்னோடு நடந்தார். மைசூருக்குப் போகலாம் என்றால் சரி, புதுத் திரைச்சீலை வாங்கலாம் என்றால் சரி. ஒரு விஷயத்துக்கும் என்னோடு வாக்குவாதம் செய்யவில்லை. இடையிடையே ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். ஆபரேஷன் ஆன உடம்பு, சர்க்கரையும் கொழுப்பும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். ரிப்போர்ட்டை அவரே வாங்கி வந்து, "நார்மல்" என்பார். நீ வாங்கிப் படித்திருக்கலாமே என்று யாரும் கேட்கலாம். படிக்கத் தோன்றவில்லை. வீட்டில் ஒருவர் "நார்மல்" என்று சொன்னால் கண்ணாடியைத் தேடி எடுத்துச் சரிபார்க்கிற வழக்கம் எனக்கு அன்றைக்கு இல்லை.

டாக்டரம்மாவும் அடிக்கடி வந்தார். ஒப்பட்டு என்று அவர் சொல்கிற போளி கொண்டுவருவார், பப்பாளி கொண்டுவருவார். உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் இருப்பார். எனக்கு அது பெருமையாக இருந்தது.

உடம்பு தேறியதும் மறுபடியும் சனிக்கிழமைக் கூட்டங்களுக்குப் போக ஆரம்பித்தேன். அந்தக் கூட்டங்களில் ஒன்று அத்திபெலேயில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிற பெரியவர் ஒருவரைப் பற்றியது. கணையத்தில் புற்றுநோய். அவருக்குத் தெரியாது. ஒரே மகள். அப்பாவிடம் சொல்லக் கூடாது என்று டாக்டர்களிடம் கெஞ்சியிருக்கிறாள். அவர் நர்ஸுகளிடமெல்லாம், "எனக்கு என்னம்மா வியாதி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். என்ன செய்வது என்று எங்களைக் கேட்டார்கள்.

நான் வழக்கம்போலப் பேசினேன். கேட்கிற மனிதருக்குப் பதில் சொல்லாமல் இருப்பது அவரைக் குழந்தையாக்குவது என்றேன். நான் பேசும்போது வக்கீல் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாதிரியார் கண்ணாடியைத் துடைத்தார். அவர்கள் அப்படிச் செய்வது அன்று எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. யோசித்தால், பல மாதங்களாகவே இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் அப்படித்தான் இருந்திருக்கிறார்கள்.

குழுவில் புதிதாகச் சேர்ந்த இளம் டாக்டர் ஒருவர் இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், மரியாதை தெரிந்தவர். அவர் கையைத் தூக்கினார்.

"மேடம் சொல்றது கரெக்ட்தானுங்க. ஆனா எப்பவும் சொல்லித்தான் ஆகணும்னு இல்லீங்களே. எங்க ட்ரெயினிங் கிளாஸ்ல சேர்பர்சன் மேடம் ஒரு கேஸ் சொன்னாங்க. இதே ஹாஸ்பிட்டல் கேஸ்தான். ஒரு ரிட்டயர்டு லேடி. ஓவரி கேன்சர், ரொம்ப ஆரம்ப ஸ்டேஜ். ஆபரேஷனோட முடிஞ்சுது, கீமோ தேவைப்படல. ஹஸ்பெண்டு வந்து அவங்ககிட்ட சொல்லவேண்டாம்னு கேட்டிருக்காரு. கமிட்டியும் இப்போதைக்குச் சொல்லவேண்டாம்னு முடிவு பண்ணிருக்காங்க. அவங்க இன்னைக்கி வரைக்கும் சந்தோஷமா இருக்காங்களாமுங்க."

"அது வேற கேஸ், அது இங்க ரெலவென்ட் இல்ல" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் ஏன் அப்படி உயர்ந்தது என்று நான் திரும்பிப் பார்த்தேன்.

இளைஞருக்கு அது புரியவில்லை. தன் வாதத்துக்கு வலு சேர்க்கிற உற்சாகத்தில் இருந்தார். "இல்லீங்க மேடம், அந்தம்மா ரொம்ப ஷார்ப்பானவங்க, பயந்த ஆளே இல்லன்னு நீங்கதானே சொன்னீங்க? தியேட்டருக்குப் போறதுக்கு முன்னாடி கன்சென்ட் ஃபார்ம்ல இருந்த ஸ்பெல்லிங் மிஸ்டேக்கப் பேனா வாங்கித் திருத்திட்டுத்தான் சைன் பண்ணாங்கன்னு…"

அவர் பேச்சு பாதியில் நின்றது. நான் எதுவும் செய்யவில்லை. என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். அண்ணன் சொன்னது சரிதான்.

அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. எனக்குப் புற்றுநோய் என்பதை அப்படித்தான் நான் தெரிந்துகொண்டேன். என் பெயரைச் சொல்லாமல், கூட்டத்தில், ஓர் உதாரணமாக. எனக்குச் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நான் வீட்டில் தையல் போட்ட வயிற்றோடு படுத்திருந்தபோது இவர்கள் இதே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, என் நாற்காலியைக் காலியாக விட்டுவிட்டு, என்னைப் பற்றிப் பேசியிருக்கிறார்கள்.

நான் பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். "பேஷன்டோட மகள் வெளியே காத்திருக்கா. நான் போய்ப் பேசறேன்" என்றேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஆனால் அந்த அறையைவிட்டு வெளியேற அப்போது அதுதான் கிடைத்த வாசல்.

அந்தப் பெண் நடைபாதை நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். முப்பது, முப்பத்தைந்து வயது இருக்கும். மடியில் டிபன் கேரியர். என்னைப் பார்த்ததும் எழுந்தாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். வழக்கமாகச் சொல்கிற வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை.

அவளே ஆரம்பித்தாள். "மேடம், எங்க அம்மா போனப்பவே அப்பா பாதி ஆளாயிட்டாரு. இதையும் சொன்னா அன்னைக்கே படுத்துடுவாரு. நீங்க பெரியவங்க. நீங்களே சொல்லுங்க. உங்களுக்கு இந்த மாதிரி வந்தா நீங்க தெரிஞ்சுக்க ஆசைப்படுவீங்களா?"

"எனக்கு வந்திருக்கும்மா" என்றேன். "எனக்கு யாரும் சொல்லல. இப்பத்தான் உள்ள தெரிஞ்சுது."

என் நோயை நான் முதன்முதலில் சொன்னது முன்பின் தெரியாத அவளிடம்தான். அவள் என் முகத்தையே பார்த்தாள். டிபன் கேரியரைக் கீழே வைத்துவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வீட்டுல யாருக்குத் தெரியும்?"

"என் வீட்டுக்காரருக்கு."

"பாவம், பயந்திருப்பாரு மேடம்."

"இருக்கலாம்."

"இப்ப உங்களுக்கு என்ன தோணுது? பயமா இருக்கா?"

"பயம் இன்னும் வரல. எல்லாரும் ஒண்ணா சேர்ந்து என்னைக் கதவுக்கு வெளிய நிறுத்திட்டாங்க. அதான் தோணுது."

அவள் கேரியரை எடுத்துக்கொண்டு அப்பாவின் வார்டுப் பக்கம் நடந்தாள். சொல்லப்போகிறாளா, சாப்பாடு கொடுக்கப்போகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் கேட்கவும் இல்லை.

டாக்டரம்மா என் பின்னாலேயே படியிறங்கி வந்தார். தர்ஷினிப் பக்கம் நான் போகவில்லை. ஆஸ்பத்திரி வாசலில், மருந்துக் கடைக்குப் பக்கத்தில் வைத்துப் பேசினோம்.

"டீச்சர், ஒரு நிமிஷம் கேளுங்க. உங்க ஹஸ்பெண்ட் என் கால்ல விழாத குறைதான். அழுதாரு. சர்ஜன் எங்ககிட்ட ஒப்பீனியன் கேட்டாரு. நாங்க இப்போதைக்கு வேணாம், கொஞ்ச நாள் போகட்டும்னோம். அஷ்டே, அவ்ளோதான்."

"கொஞ்ச நாள் எப்ப முடியறதா இருந்தது?"

"ரெண்டு தடவை சொல்லணும்னே வீட்டுக்கு வந்தேன். நீங்க அவ்ளோ சந்தோஷமா இருந்தீங்க. மனசு வரல. இப்ப நீங்க நல்லா இருக்கீங்க அல்வா, இல்லையா? கேன்சர் திரும்ப வரல. அதுதானே முக்கியம்?"

"என் அப்பா கதைய உங்களுக்குச் சொல்லிருக்கேன் டாக்டர்."

"தெரியும்."

"தெரிஞ்சுதான் செஞ்சீங்க."

அவர் கண் கலங்கியிருந்தது. அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் கூடத்தான் செய்தது. நான் அழ வேண்டிய இடத்தில் அவர் அழுதுகொண்டிருந்தார்.

"செஞ்சது சரின்னு நெனச்சுத்தான் செஞ்சிருப்பீங்க. அத ஒரு நாள் நான் ஒத்துக்கக்கூடச் செய்யலாம். ஆனா கிளாஸ்ல என்னைப் பாடமா நடத்திருக்கீங்களே, அது எதுக்கு? எங்கிட்டச் சொல்ல மனசு வரல. ஊரு பேரு தெரியாத பசங்ககிட்டச் சொல்ல மட்டும் மனசு வந்துச்சா?"

"பேர் சொல்லலயே டீச்சர்" என்றார்.

நான் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

வீட்டில் என் கணவர் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். அதையும் அந்த ஒரு வருஷத்தில்தான் கற்றுக்கொண்டார். என்னைப் பார்த்ததும், "என்ன, சீக்கிரம் வந்துட்ட?" என்றார். நான் அவர் எதிரே உட்கார்ந்து, "எனக்கு கேன்சரா?" என்று கேட்டேன்.

கத்தியைக் கீழே வைத்தார். யார் சொன்னார்கள் என்று கேட்கவில்லை. மறுக்கவும் இல்லை. வெகுநாள் மூட்டை சுமந்தவர் அதை இறக்கிவைத்த மாதிரி அவர் தோள் தொங்கியது. அந்த நிம்மதியைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவருக்கு இறங்கியது என் தலையில் அல்லவா ஏறியிருந்தது!

"சரியாயிடுச்சு. முழுசா எடுத்துட்டாங்க. டாக்டரே சொன்னாரு" என்றார்.

"நான் கேட்டது அது இல்ல. ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? அந்தக் காகிதத்த வாங்கிட்டு ஆஸ்பத்திரி பெஞ்சுலயே உக்காந்திருந்தேன். அப்புறம் வீட்டுக்கு வந்தேன். நீ என் மூஞ்சியப் பாத்த. ஒண்ணுமில்லன்னு வாயில வந்துடுச்சு."

"சரி, அன்னைக்கி வந்துடுச்சு. மறுநாள்?"

"நீ கும்பிட்டியே. அதுக்கப்புறம் எப்படி?"

"எங்கப்பாவுக்குச் செஞ்சது தெரியுமில்ல உங்களுக்கு? எனக்குச் செஞ்சது தெரியுமில்ல?"

அவர் கொஞ்சம் குரல் உயர்த்தினார். எங்கள் வீட்டில் அது அபூர்வம். "நீ கமிட்டில பேசறதெல்லாம் மத்தவங்களுக்கு. யாரோ பேஷன்டு, யாரோ குடும்பம். நீ எனக்கு யாரோவா? எனக்கு அந்த நியாயமெல்லாம் தெரியாது. நீ சிரிச்சிட்டு இருக்கணும், அவ்ளோதான் எனக்கு."

அவர் சொன்னது பொய்யில்லை. அன்பில்லாமல் அவர் அதைச் செய்யவில்லை என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். ஆனால் அந்த ஒரு வருஷம் என்னிடமிருந்து போய்விட்டது. காபி, ஏரிக்கரை நடை, மைசூர் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அவருக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியாமல் இருந்தது. மைசூர் அரண்மனையில் விளக்கு போட்டபோது அவர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாரே, அது பிரியமா, அல்லது இன்னும் எத்தனை நாள் என்று கணக்குப் போட்டுப் பார்த்த பார்வையா? நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து வாழ்ந்தோம் என்று நான் நினைத்திருந்த வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார், நான் பார்க்கப்பட்டிருக்கிறேன். வாக்குவாதமே செய்யவில்லையே என்று சந்தோஷப்பட்டேனே, சாகப்போகிறவளோடு யார் வாக்குவாதம் செய்வார்கள்?

அடுத்த வாரம் நான் தனியாகச் சர்ஜனைப் போய்ப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டேன். அவர் தலை நிமிராமல் சொன்னார். திரும்பி வர வாய்ப்பு குறைவு, ஆனால் இல்லை என்று சொல்ல முடியாது, தொடர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும். "எது வந்தாலும் என்கிட்டயே சொல்லுங்கன்னு கேட்டேனே டாக்டர்" என்றேன். "ஸாரி மேடம். கமிட்டி அட்வைஸ்" என்றார். நான் இருந்த கமிட்டி.

பயம் அதற்குப் பிறகுதான் வந்தது. பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது, துணி உலர்த்தும்போது, சம்பந்தமே இல்லாமல் வரும். ஒரு வருஷம் முன்னாலேயே வந்திருக்க வேண்டிய பயம். அப்போது வந்திருந்தால் பிடித்துக்கொள்ளப் பக்கத்தில் ஒரு கை இருந்திருக்கும். இப்போது அந்தக் கையைப் பிடிக்க எனக்கு மனமில்லை.

குழுவுக்கு ஒரு கோரிக்கை வைத்தேன். என்னைப் பற்றி என்னை வைத்துக்கொண்டு ஒருமுறை பேசுங்கள் என்று. எதற்காக அப்படி முடிவெடுத்தீர்கள், யார் யார் என்ன சொன்னீர்கள், ஒருவராவது எதிர்த்தீர்களா? எனக்கு அது தெரிய வேண்டியிருந்தது. இரண்டு கூட்டங்கள் தள்ளிப்போட்டார்கள். மூன்றாவதில் வக்கீல் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு நோயாளியைப் பற்றிக் குழுவில் பேசியதை வெளியே சொல்ல முடியாது, அது நோயாளியின் அந்தரங்கம் என்றார்.

"அந்த நோயாளி நான்தானே சார்" என்றேன்.

"இருந்தாலும் ப்ரொசீஜர்னு ஒண்ணு இருக்கே மேடம்" என்றார்.

பாதிரியார் மட்டும், "உங்களப் பத்தி முடிவெடுத்த அன்னைக்கி நான் எதிர்த்துப் பேசிருக்கணும். பேசல" என்றார். அதற்காக அவருக்கு இன்றும் நன்றி உண்டு. கோயம்புத்தூர் டாக்டர் வாசல்வரை என்னோடு வந்து திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டார். "உங்கள விட்டா எனக்கு யாரு தம்பி உண்மையச் சொன்னாங்க? எதுக்கு மன்னிப்பு?" என்றேன். அன்றோடு நான் அந்தக் குழுவுக்குப் போவதை நிறுத்திவிட்டேன். டாக்டரம்மா சில நாள் போன் செய்தார். எடுக்கவில்லை. ஒருநாள் வீட்டு வாசலில் பப்பாளி ஒன்று பையில் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

அத்திபெலேப் பெண் ஆஸ்பத்திரியில் என் நம்பரைக் கேட்டு வாங்கி ஒரு மாலையில் பேசினாள். அன்றைக்கே அப்பாவிடம் சொல்லிவிட்டாளாம். "நீங்க சொன்னதக் கேட்டுத்தான் சொன்னேன் மேடம். அப்பா ஒரு வாரம் யார்கிட்டயும் பேசல. எங்கிட்டகூட. கடையில போய் உக்காந்துட்டு, வர்ற ஆளுங்ககிட்ட ஆணி என்ன சைஸுன்னு மட்டும் கேக்கறாரு. நான் தப்புப் பண்ணிட்டனா?"

முன்பு என்றால் அவளுக்கு நான் நிறையச் சொல்லியிருப்பேன். "தெரியலம்மா" என்றேன். "ஆனா அவர் எது மேல கோவமா இருக்கணுமோ அது மேலதான், அந்த வியாதி மேலதான் கோவமா இருக்காரு. ஒளிச்சு வெச்சவங்க மேல இல்ல." அது அவளுக்கு ஆறுதலாக இருந்ததா என்று தெரியாது. சரி மேடம் என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு அவள் பேசவில்லை.

இப்போது பரிசோதனைக்கு நான் தனியாகத்தான் போகிறேன். என் கணவர் வாசல் கேட் வரை வந்து நிற்பார், ஆட்டோ திரும்புகிறவரை. இப்போதெல்லாம் அவர் எதையும் மறைப்பதில்லை. பால்காரன் தண்ணீர் கலந்தது, கேஸ் தீர்ந்தது, பல் ஆடுவது என்று ஒன்று விடாமல் சொல்கிறார். நான் கேட்டுக்கொள்கிறேன். நம்புகிறேனா என்று கேட்டால், ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். கேஸ் தீர்ந்துவிட்டது என்றால் சிலிண்டரைத் தூக்கிப் பார்க்கிறேன்.

போன முறை ரிசல்ட் நன்றாக வந்தது. நானே வாங்கி, அங்கேயே கண்ணாடி போட்டுப் படித்தேன். வீட்டுக்கு வந்தபோது அவர் கூடத்தில் பேப்பரை விரித்துவைத்துப் படிக்காமல் உட்கார்ந்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். என்ன ஆச்சு என்று கேட்க அவருக்கு வாய் வரவில்லை. நான் சமையலறைக்குப் போய் ரசம் வைத்தேன், அப்பளம் பொரித்தேன், இலை போட்டேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். எனக்குத் தெரிந்த ஒன்று அவருக்குத் தெரியாமல் எதிரே உட்கார்ந்திருக்கிறார். ஒரு சாப்பாட்டு நேரம் முழுக்க நான் அதை வைத்துக்கொண்டிருந்தேன். அது அவ்வளவு சுலபமாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மோர் ஊற்றும்போது சொன்னேன். "நார்மலாம்."

அவர் தலையை ஆட்டினார். கையில் எடுத்த சோற்றை இலையிலேயே திரும்ப வைத்தார். பிறகு, "ரிப்போர்ட்ட நான் பாக்கலாமா?" என்று கேட்டார். பையில் இருக்கிறது, கை கழுவிக்கொண்டு எடுத்துப் பாருங்கள் என்றேன்.